சின்னப் பைக்கு மாத்து

கம்பம்,
ஐப்பசி 20.

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். மூணு நாளா விடாத மழை. கம்பம்மெட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சு கிடக்குன்னு இன்னைக்கு ஏலத் தோட்டத்துக்குப் போற ஜீப்பு மேல ஏறல. வெள்ளன எந்திரிச்சு சோத்தைக் கட்டி வச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். இனி வேலை இல்லைன்னு தெரிஞ்சதும் பேப்பரை எடுத்துட்டேன். போன்ல சொல்லலாம்தான். ஆனா நீ வேலைக்கு நடுவுல கேட்டு பாதியை மறந்துருவ. இது ஒண்ணு ஒண்ணா வரிசையாச் செய்ய வேண்டிய காரியம். எழுதி வச்சிருந்தா எடுத்து எடுத்துப் பார்த்துக்கலாம்.

நேத்து ராத்திரி நீ அனுப்பின நாலு படத்தையும் பார்த்தேன். கூடவே மருமக பேசி அனுப்பினதையும் கேட்டேன். "அத்தை, என் ஏலக்காய்ச் செடி செத்துப்போச்சா?"ன்னு அது கேட்ட குரல்ல எனக்குத் தூக்கமே வரல. முதல்ல அவகிட்டப் போய்ச் சொல்லு: சாகல. மூணாவது படத்துல நல்லாப் பெருசு பண்ணிப் பார்த்தேன். நடுவுல குருத்து ஊசி மாதிரி சுருண்டு பச்சையா நிக்குது. அடி இலை ரெண்டும் மஞ்சளாப் போனது, நுனி கருகினது எல்லாம் அப்புறம். குருத்து பச்சையா இருக்கிற வரைக்கும் நாத்துக்கு உயிர் இருக்கு. இருபது வருசமா நாத்துப் பாத்தியில குனிஞ்சு கிடக்கிறவ சொல்றேன், நம்பு.

இனி என்ன ஆச்சுன்னு சொல்றேன். சித்திரையில வீரபாண்டி திருவிழாவுக்கு வந்துட்டு நீங்க திரும்பும்போது, என் கையால பையோட ஒரு நாத்தைக் குடுத்தேன்ல, அப்ப அதுக்கு வயசு ஆறு மாசம். போன ஐப்பசியில பழுத்த பழமாப் பார்த்துப் பறிச்சு, விதை மேல இருக்கிற பசையைக் கழுவி, சாம்பல்ல புரட்டி நிழல்ல ஆத்தி நாங்க போட்ட விதை. ஏல விதைக்குத் தோல் கெட்டி, முளைக்கவே ஒரு மாசத்துக்கு மேல எடுத்துக்கும். முளைச்ச பிறகும் ஆமை மாதிரிதான் வரும். தோட்டத்துல ஊன்றதுக்கே ஒன்றரை வருசத்து நாத்தைத்தான் எடுப்போம். அதனால ஆறு மாசத்துல ஒரு இலைதான் விட்டிருக்குன்னு நீ பதறினது பாதி தேவையில்லாத பதற்றம். மீதிப் பாதிக்குக் காரணம் அந்தத் தொட்டி.

முதல் படத்துலயே அதைப் பார்த்துட்டேன். பதினாறு அங்குல வாய் இருக்கும்போல, வெள்ளைப் பீங்கான். அதுக்கு நடுவுல ஒரு சாண் நாத்து. ஊருக்குப் போன மறுநாளே மாத்திட்டேன்னு எழுதியிருந்த. பெரிய இடம் குடுத்தா வேகமா வளரும்னு நினைச்சிருக்க. ஆசையாச் செஞ்சது. எனக்கும் இதுல பங்கு இருக்கு, பையிலயே இருக்கட்டும்னு நான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கணும். பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கிற அவசரத்துல விட்டுட்டேன்.

பெரிய தொட்டியில என்ன நடக்கும்னா, நாத்தோட வேர் ஒரு கைப்பிடி மண்ணுலதான் இருக்கு. நீ ஊத்தற தண்ணி தொட்டி முழுக்க இறங்குது. வேர் இருக்கிற இடத்துல இருக்கிற தண்ணியை வேர் குடிச்சிரும். வேரே இல்லாத மண்ணுல நிக்கிற தண்ணியை யார் குடிக்கிறது? அது அங்கேயே கிடந்து புளிச்சு, மண்ணுக்குள்ள காத்தில்லாமப் பண்ணிடும். வேரும் மூச்சு விடணும் தம்பி. காத்தில்லாத மண்ணுல வேர் முதல்ல நுனியில கருகும், அப்புறம் அழுகும். வேர் அழுகினா தண்ணி மேல ஏறாது. இலை தொங்கும். இலை தொங்குதேன்னு நீ இன்னும் ரெண்டு செம்பு ஊத்துவ. இந்தச் சுத்துலதான் உன் நாத்து மாட்டிக்கிட்டிருக்கு. மண்ணு காஞ்சு இலை தொங்கினா தாகம். மண்ணு ஈரமா இருந்தும் தொங்கினா வேர்ல கோளாறு. இது ஒண்ணை மட்டும் மருமகளுக்குச் சொல்லிக் குடுத்துரு, அவளே பார்த்துக்குவா.

நம்ம வீட்டுல திராட்சைப் பந்தல் பார்த்து வளர்ந்த கண்ணு உனக்கு. பன்னீர்த் திராட்சை வெயிலைக் கேக்கும், எருவைக் கேக்கும், குடுக்கக் குடுக்க வாங்கிக்கும். அதே மாதிரி இதையும் நினைச்சிட்ட. ஏலம் காட்டுக்குள்ள பெரிய மரத்து அடியில, மக்கின சருகுல வளர்ந்த சாதி. இஞ்சி, மஞ்சளோட குடும்பம். நாம தண்டுன்னு நினைக்கிறது தண்டே இல்ல. வாழை மாதிரி இலை மட்டை ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுருண்டு நிக்கிறது. நிசத் தண்டு மண்ணுக்குள்ள கிழங்காக் கிடக்கு. வேர் ஆழமாப் போகாது, மேலாப்புல பரவும். ஈரக் காத்து வேணும், ஆனா ஈரத்துல நிக்கக்கூடாது. இதுதான் அதோட குணம்.

இந்த ஞாயித்துக்கிழமை செய்ய வேண்டியதைச் சொல்றேன். மருமகளையும் பக்கத்துல வச்சுக்க.

ஒரு பழைய பேப்பரை விரிச்சு, தொட்டியைச் சாய்ச்சு, மண்ணோட நாத்தை மெதுவா வெளியே எடு. குருத்தைப் பிடிச்சு இழுக்காதே, அடியில கைய குடுத்து அள்ளு. ஒட்டியிருக்கிற சேத்தை உதிர்த்துட்டு வேரைப் பாரு. வெள்ளையா, இல்ல வெளிர் மஞ்சளா, தொட்டா கெட்டியா இருக்கிறது நல்ல வேர். பழுப்பா இருந்து, ரெண்டு விரலால உருவினா மேல்தோல் கழண்டு உள்ள நூல் மட்டும் நிக்குதா, அது போன வேர். மோந்து பாரு, சாக்கடை வாடை வரும். கிழங்கை லேசா அமுக்கிப் பாரு. கெட்டியா இருந்தா கவலையே இல்ல, பாதி வேர் போயிருந்தாலும் திரும்ப விடும். கொளகொளன்னு அமுங்கினா மட்டும் எனக்கு உடனே போன் பண்ணு. படத்தைப் பார்த்த வரைக்கும் அப்படி இருக்காதுன்னுதான் தோணுது.

கருத்த வேரை எல்லாம் கொதிச்ச தண்ணியில முக்கின பிளேடால வெட்டி எடுத்துரு. இலையைத் திருப்பி வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. நரம்பை ஒட்டி வெளிர்ப் பச்சையில கோடு கோடா ஓடுதான்னு பார்க்கணும். அது கட்டே நோய். அசுவினி ஒரு செடியில இருந்து இன்னொண்ணுக்குக் கொண்டு போற வைரஸ், மருந்து கிடையாது. உன் வீட்டுல வேற ஏலச் செடி இல்ல, விதை வழியாவும் அது வராது. அதனால இருக்காது. ஆனாலும் பார்க்கிறது பழக்கம். நாங்க நாத்தங்காலைப் பழைய தோட்டத்துக்குப் பக்கத்துல போடாததே அதுக்குத்தான்.

அப்புறம் சின்னப் பைக்கு மாத்து. நீ எப்ப பெரிய தொட்டிக்கு மாத்தணும்னு கேட்டு எழுதியிருக்க, நான் சின்னதுக்கு மாத்தச் சொல்றேன். இப்ப அதுக்கு அதுதான் மருந்து. வேர்க்கட்டைச் சுத்தி ரெண்டு விரல் இடம் இருந்தாப் போதும். அஞ்சு ஆறு அங்குல வாய் இருக்கிற மண் தொட்டி நல்லது, பக்கமெல்லாம் மூச்சு விடும். இல்லைன்னா ஒரு பால் கவரோ பாலித்தீன் பையோ எடுத்து அடியிலயும் பக்கத்துலயும் பத்து ஓட்டை போடு. அழகா இருக்காது, ஆனா எங்க நாத்தங்கால்ல லட்சணமான தொட்டியே கிடையாது, எல்லாம் கறுப்புப் பைதான்.

மண்ணுக்கு நாங்க காட்டு மேல்மண்ணு மூணு பங்கு, மக்கின சாணி எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்குன்னு கலப்போம். அங்க காட்டு மண்ணுக்கு எங்க போவ? செம்மண்ணு ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, ஊற வச்சுப் பிழிஞ்ச தென்னை நார்த்தூள் ஒரு பங்கு போதும். எரு ஒரு கைப்பிடிக்கு மேல வேண்டாம். நோயாளிக்குப் பிரியாணி போடற மாதிரி யூரியாவோ, நீ வாங்கி வச்சிருக்கியே அந்தப் பச்சைப் புட்டி உரமோ, ஒரு சொட்டு கூட விடாதே. புதுசா ரெண்டு இலை விரியட்டும், அப்புறம் யோசிப்போம். ட்ரைக்கோடெர்மா பொடி கிடைச்சா ஒரு ஸ்பூன் மண்ணுல கலந்துக்க. அது வேரழுகல் பூஞ்சையைத் தின்னுற நல்ல பூஞ்சை. மைலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்துல பயிற்சிக்குப் போனப்ப அதை நுண்ணோக்கியில காட்டினாங்க. பச்சைப் பாசி படர்ந்த மாதிரி இருந்துச்சு. அன்னைக்குத்தான் மண்ணுக்குள்ளயும் ஒரு ஊர் இருக்குன்னு எனக்கு உறைச்சது.

ஊன்றப்ப ஆழமாப் புதைக்காதே. முன்னாடி மண்ணு எந்த மட்டத்துல இருந்துச்சோ அதே மட்டம். கழுத்து மண்ணுக்குள்ள போனா அழுகும், பக்கத்துல புதுத் தட்டையும் வராது. சாயுதுன்னா ஒரு ஈர்க்குச்சியை நட்டு நூலால தளர்வாக் கட்டு. மேல கொஞ்சம் காஞ்ச சருகைப் பரப்பி விடு.

தண்ணி விசயம்தான் பெரிய விசயம். நாலாவது படத்துல மண்ணு மேலயும் தொட்டி விளிம்புலயும் வெள்ளையா உப்புப் பூத்திருக்கு. விசாரிச்சா, ஆர்.ஓ. மிசின்ல இருந்து கழிஞ்சு வர்ற தண்ணியை வீணாக்க வேண்டாம்னு இதுக்கு ஊத்தினேன்னு சொன்ன. சிக்கனம் நல்லதுதான், ஆனா அந்த மிசின் தண்ணியில இருக்கிற உப்பை எல்லாம் பிரிச்சு அந்தக் குழாய்லதான் தள்ளுது. போர்த் தண்ணியை விட அது கெட்டி. இலை நுனி கருகினது அதனால. வீடு துடைக்க வச்சுக்க. செடிக்கு மழைத் தண்ணி பிடிச்சு வை, இல்லைன்னா நீங்க குடிக்கிற தண்ணியிலேயே ஒரு டம்ளர் குடு. ஏலத்துக்குக் கொஞ்சம் புளிப்பான மண்ணுதான் பிடிக்கும், உப்பு ஆகாது.

எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு கேக்காதே, அதுக்குக் கணக்குக் கிடையாது. விரலை ரெண்டாவது கணு வரைக்கும் மண்ணுல விடு. ஈரம் ஒட்டினா விட்டுரு. ஒட்டலைன்னா அடி ஓட்டை வழியா வர்ற வரைக்கும் ஊத்தி, கீழ்த் தட்டுல நிக்கிறதைக் கொட்டிரு. இன்னொரு வழி, தண்ணி ஊத்தின உடனே பையைத் தூக்கிப் பாரு, அந்தப் பாரத்தைக் கை ஞாபகம் வச்சுக்கும். பாரம் பாதியாக் குறைஞ்சதும் அடுத்த தண்ணி. நாங்க ஆயிரம் பையை இப்படித்தான் கையாலயே நிறுத்துப் பார்ப்போம்.

காத்துல ஈரம் வேணும்னு சொன்னேன்ல. உங்க ஊரு கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர், ஏலம் விளையுற வண்டன்மேட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. உயரம் சரியாத்தான் இருக்கு. 400 மீட்டர்ல கிடக்கிற நம்ம கம்பத்து வெக்கையில வைக்கிறதை விட அங்க அதுக்குச் சுகம். ஆனா வீட்டுக்குள்ள காத்து வறட்சி. ஒரு தட்டுல கூழாங்கல் பரப்பித் தண்ணி விட்டு, கல்லு மேல பையை வை, பையடி தண்ணியைத் தொடக்கூடாது. முதல் பத்து நாளைக்குக் கண்ணாடி மாதிரி ஒரு கவரைத் தளர்வாக் கவுத்து வை, தினம் காலையில கால் மணி நேரம் திறந்து விடு. ஏசி காத்து நேரா மேல படவே கூடாது.

வெளிச்சத்துக்குக் கிழக்கு ஜன்னல் போதும். காலை இளவெயில் லேசாப் பட்டாச் சரி, உச்சி வெயில் ஆகாது. நாங்க பந்தல் போட்டுப் பாதி வெயிலை வடிகட்டித்தான் விடுவோம். நீ மாட்டியிருக்கிற அந்த ஊதா லைட்டு வேணாம், சாதாரண வெள்ளை எல்இடி போதும், ஒன்றரை அடி தள்ளி, பகல்ல மட்டும். ராத்திரி அணைச்சிரு, அதுவும் தூங்கட்டும்.

அந்த ஊதா லைட்டைப் பத்தி நீ எழுதின இன்னொரு விசயம் எனக்கு மனசுல முள்ளாத் தைச்சு நிக்குது. பக்கத்து வீட்டுக்காரர் வெளிச்சத்தைப் பார்த்துட்டு, "கம்பத்துல இருந்து வந்த செடியா, அப்ப கஞ்சாவா?"ன்னு பிள்ளை முன்னாடியே கேட்டாராமே. நீ சிரிச்சு விட்டுட்டேன்னு எழுதியிருக்க. எனக்குச் சிரிப்பு வரல. வருசநாட்டு மலையிலயும் இடுக்கிக் காட்டுலயும் ஒரு காலத்துல அது பயிரானது உண்மை. போலீசும் வனத்துறையும் போய்ப் போய் வெட்டி எரிச்சதும் உண்மை. 1985-ல சட்டம் வந்த பிறகு அதைப் பயிர் பண்ணினா பத்து வருசம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். சிலபேர் செஞ்ச காரியம், ஆனா பேரு ஊருக்கே ஒட்டிக்கிச்சு. விடியக்காலம் இருட்டுல ஜீப்புல ஒருத்தி மடியில ஒருத்தியா நெருக்கி உட்கார்ந்து, குமுளி வழியா, கம்பம்மெட்டு வழியா மேல ஏறிப் போய்க் காய் எடுத்து, பொழுது சாயத் திரும்பி வர்ற பொம்பளைங்க இருக்கிற ஊரு இது. 2023-ல பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊரு. அடுத்த தடவை அவர் கேட்டா, உள்ளே கூப்பிட்டு நாத்தைக் காட்டு. ஒரு இலை நுனியைக் கசக்கி மோந்து பார்க்கச் சொல்லு. மருமகளையே சொல்ல விடு, "இது எங்க அத்தை போட்ட ஏலம்"னு.

சரி, நாத்துக்கு வர்றேன். மாத்தி வச்ச பிறகு மூணு நாலு வாரத்துக்கு மேல ஒண்ணுமே தெரியாது. இதுதான் கஷ்டமான காலம், இப்பதான் எல்லாரும் கெடுப்பாங்க. தோண்டிப் பார்க்கத் தோணும், எரு போடத் தோணும், இடத்தை மாத்தத் தோணும். எதையும் செய்யாதே. மஞ்சள் இலை இன்னும் ஒண்ணு விழலாம், விழட்டும். அது அடியில வேர் விட்டுக்கிட்டிருக்கு, நமக்குக் காட்டாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்க நாத்தங்கால்ல ஒரு வயசான கங்காணியம்மா இருந்தாங்க. சோனி நாத்தை நாங்க பிடுங்கி எறியப் போனா கைய தட்டி விடுவாங்க. அதுகளை எல்லாம் எடுத்துப் பந்தலோட கிழக்கு ஓரத்துல தனி வரிசையா வச்சு, மத்ததுக்கு ஊத்தறதுல பாதித் தண்ணிதான் அதுகளுக்கு. அந்த வரிசைப் பக்கம் எங்களைப் போகவே விட மாட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா பத்துல ஆறு ஏழு தேறி நிக்கும். பாதித் தண்ணி குடுத்தா எப்படித் தேறுதுன்னு அப்ப எனக்குப் புரியவே இல்ல.

இனி நீ கேட்டது, எப்ப பெரிய தொட்டிக்கு மாத்தறதுன்னு. தேதி பார்த்து மாத்தாதே, வேரைப் பார்த்து மாத்து. அடி ஓட்டையில வெள்ளை வேர் நுனி எட்டிப் பார்க்கும். ஊத்தின தண்ணி நிக்காம விறுவிறுன்னு இறங்கும், முன்னாடியை விடச் சீக்கிரம் காயும். பையைப் பக்கவாட்டுல அமுக்கினா மண்ணு உதிரியா இல்லாம ஒரே கட்டியாத் தெரியும். மேல அஞ்சாறு இலை நல்ல பச்சையில நிக்கும், அடியில பக்கத்துல ஒரு புது மூக்கு, செவப்பா இல்ல வெளிர்ப் பச்சையா, கிளம்பியிருக்கும். இந்த அடையாளத்துல குறைஞ்சது மூணு தெரிஞ்சா மாத்தலாம். சந்தேகமா இருந்தா ஒரு நாள் பையோட கவுத்துத் தட்டிப் பாரு. மண்ணு உதிராம, வேர் வலை பின்னி முழுசா வந்தா நேரம் வந்துருச்சு. உதிர்ந்தா அப்படியே திரும்ப உள்ளே வச்சிரு. மாத்தும்போதும் ஒரே தாவாத் தாவாதே, ஆறு அங்குலத்துல இருந்து எட்டு அங்குலம், அவ்வளவுதான். அந்தப் பீங்கான் தொட்டிக்கு ரெண்டு வருசம் ஆகும், அதுவரைக்கும் அதுல மணி பிளான்ட் வை.

அது தயாரானாலும் மார்கழி, தை மாசத்துல மாத்த வேண்டாம். உங்க ஊர்ப் பனிக் குளிர்ல வேர் ஓடாது. மாசி கழிஞ்சு பங்குனியில வெதுவெதுன்னு ஆனதும் மாத்து.

மருமககிட்ட ஒண்ணை மறைக்காமச் சொல்லிரு. காய் வரும் காய் வரும்னு அது எதிர்பார்த்துக்கிட்டிருக்கு. தோட்டத்துலயே ஊன்றி மூணாவது வருசம்தான் சரம் ஓடிப் பூக்கும். பூவும் ஒரு நாள் பூதான், தேனீ வந்து உட்கார்ந்தாத்தான் காய் பிடிக்கும். ஏழாவது மாடிக்கு எந்தத் தேனீ வரும்? ஆனா ஆளுயரத்துக்கு மேல இலை விரிச்சு நிக்கும், பக்கத்துல போனா வாசம் வரும். பூவும் காயும் பார்க்கணும்னா ஆவணியில லீவு போட்டுட்டு இங்க கூட்டிட்டு வா. நான் ஜீப்புல மடியில வச்சு மேல கூட்டிட்டுப் போறேன். கை நிறைய அதுவே காய் எடுக்கட்டும்.

அதே பாத்தியில முளைச்ச அதோட கூட்டாளிங்க இங்க வரிசையா நிக்குது. ஒரு பை, உன் நாத்து பக்கத்துல இருந்தது, அதுவும் கொஞ்சம் சோனிதான். அதை மேஸ்திரிகிட்டச் சொல்லி எனக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கேன். பைக்கு ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கேன். உனக்குத் தேறலைன்னா பொங்கலுக்கு அதை எடுத்துட்டுப் போ. தேறும்.

ஞாயித்துக்கிழமை வேரைப் பேப்பர்ல பரப்பி வச்சு, நல்ல வெளிச்சத்துல ஒரு படம் எடுத்து அனுப்பு. வெட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு, வெட்டின பிறகு ஒண்ணு. நான் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வீட்டுல இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அக்கா.